ஈகையா, ஒப்புரவா? விசேட தேவையுடைய மாணவரும் ஆசிரியப் பயிற்சிச் செலவும்

இலவசக் கல்வியை இலங்கை மக்கள் பெற்ற பெரும் பேறுகளுள் ஒன்றாகப் போற்றுவது வழக்கம். 1945ஆம் ஆண்டு சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த அத்திட்டம், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பினை நல்கிற்று. ஆயினும் பாடசாலையின் வாயில் திறந்திருத்தல் ஒன்று. அதனுட் புகுந்த பிள்ளை கல்வி பெறுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவினதன்று. கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கும், எழுத்துக்களைக் கூட்டி வாசிக்க இடர்ப்படும் பிள்ளைக்கும், பிறரோடு பேசிப் பழகுதல் அரிதாகவுள்ள பிள்ளைக்கும் அத்தூரம் மிக நீண்டது. பயிற்சி பெற்ற ஆசிரியரே அத்தூரத்தைக் குறைக்க வல்லவர். அப்பயிற்சிக்கான செலவினை ஏற்க வேண்டியவர் யாவர்? அவ்வாறு ஏற்பது இரக்கத்தின்பாற்பட்ட கொடையா, அன்றிச் செலுத்தியே தீரவேண்டிய கடனா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுவாக எழுப்பப்படும் வினாவினை ஓர் ஊரின்மேல் வைத்து நோக்குதல் தெளிவிற்குத் துணைபுரியும். யாழ்ப்பாண நகரின் கிழக்கெல்லையில், கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து, உப்பேரியின் கரைவரை நீண்டு கிடக்கும் ஊர் அரியாலை. முன்னர் ஸ்ரான்லிக் கல்லூரி எனப் பெயர்பெற்றிருந்த கனகரத்தினம் மத்திய மகா வித்தியாலயம், ஸ்ரீ பார்வதி வித்தியாசாலை முதலியன இவ்வூர்ப் பிள்ளைகள் கற்கும் பாடசாலைகள். கல்வியைப் பொருளினும் மேலாக மதிக்கும் யாழ்ப்பாணத்துப் பண்பு இவ்வூரார்க்கும் உரியது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இவ்வூரும் வெறுமையாயிற்று. மீண்டு வந்தோர் முதலில் மீளத் தொடங்கியவற்றுள் பாடசாலையும் ஒன்று. அத்தகைய ஊரிலே ஒரு பிள்ளை வகுப்பறையில் இருந்தும் கல்லாது வெளியேறுமாயின், அதனை ஊரின் ஆர்வக்குறைவு எனக் கூறுதல் இயலாது. காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் செல்லின் கைதடி வரும். செவிப்புலன், விழிப்புலன் வலுவிழந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நுஃபீல்ட் பாடசாலை அங்குள்ளது. மேரி சப்மன் அம்மையார் 1912ஆம் ஆண்டு தென்னிலங்கையிலே தொடக்கிய பணியின் வடபுலத் தொடர்ச்சி அது. கோண்டாவிலிலே 2004ஆம் ஆண்டு ஆறு. திருமுருகன் அவர்களின் முயற்சியால் உருவான சிவபூமிப் பாடசாலை, உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கெனத் தொண்டாற்றி வருகின்றது. இவை யாழ்ப்பாணச் சமூகம் பெருமைகொள்ளத்தக்க நிறுவனங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றைச் சுட்டி, ‘அத்தகைய பிள்ளைகளுக்கு வேறிடம் உண்டே’ என அமைதி காண்பது தவறு. விசேட தேவையுடைய பிள்ளைகளுட் பெரும்பாலோர் முற்றாகக் கேளாதவரோ முற்றாகக் காணாதவரோ அல்லர். ஒரு செவி மந்தமான சிறுமி, எழுத்து மயக்கமுடைய சிறுவன், ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலாத பிள்ளை என இவர்கள் யாவரும் அயற்பாடசாலையின் பொது வகுப்பிலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு உரிய இடமும் அதுவே. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரிற் கூடிய 92 நாடுகளின் பிரதிநிதிகள், பொதுப் பாடசாலையே எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கும் தகைமை பெறவேண்டும் என வலியுறுத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

அரியாலைப் பாடசாலை ஒன்றின் மூன்றாம் வகுப்பிலே ஒரு சிறுவன் இருப்பதாகக் கொள்வோம். கணக்கில் அவன் கெட்டிக்காரன். கதை சொன்னாற் கேட்டுத் திரும்பச் சொல்வான். வாசிக்கச் சொன்னால் மட்டும் தடுமாறுவான். பயிற்சி பெறாத ஆசிரியர் அவனைச் சோம்பேறி எனக் கருதக்கூடும். வீட்டார் அடித்துத் திருத்த முனையக்கூடும். பயிற்சி பெற்றவரோ, தமிழெழுத்தின் அமைப்பிலேயே அவனுடைய இடரினைத் தேடுவார். ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றிலே கண்ணுக்கு முன்னே தோன்றும் குறி செவிக்குப் பின்னே ஒலிக்கின்றது. ‘கொ’, ‘கோ’ என்பவற்றில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. எழுத்தை ஒலியோடு பொருத்துவதில் இடர்ப்படும் பிள்ளைக்கு இவை சிறு தடைகளல்ல. ஆங்கிலப் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட முறைகளை மொழிபெயர்த்து வழங்குவதால் இவ்விடர் தீராது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் தமிழ்மொழியிலேயே இதற்கெனப் பயிற்றப்பட வேண்டும். அவ்வாறே, செவி மந்தமான பிள்ளையை முன்வரிசையில் நல்ல செவி ஆசிரியர்பக்கம் இருக்குமாறு அமர்த்துதல், கரும்பலகையைப் பார்த்தவாறு பேசாது பிள்ளையின் முகம் நோக்கிப் பேசுதல், பேசுவோரின் முகத்தில் வெளிச்சம் விழுமாறு நிற்றல் என்பன பெருஞ்செலவை வேண்டுவன அல்ல, அறிந்தாற் செய்யக்கூடியன. அறியாமையால் இழக்கப்படுவதோ ஒரு பிள்ளையின் பத்தாண்டுக் கல்வி.

இவ்விடத்தில் முதலாவது தடை எழுப்பப்படுகின்றது. சிலருக்காகச் செலவிடும் பணத்தைப் பலருக்காகச் செலவிட்டால் விளையும் நன்மை அதிகமன்றோ என்பது அத்தடை. ஜெரமி பெந்தாம் முதலியோர் வகுத்த பயன்வாதத்தின் குரல் இது. இதற்கு விடை இருவகையில் அமையும். முதலாவது, ‘சிலர்’ என்னும் கணிப்பே ஆராய்தற்குரியது. மேரி வார்னொக் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு 1978ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியிட்ட அறிக்கை, ஐந்து பிள்ளைகளுள் ஒருவர் தம் பள்ளிக் காலத்தின் ஏதேனும் ஒரு கட்டத்தில் விசேட கல்வி உதவியை வேண்டுவர் எனக் கூறிற்று. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்கு மேற்பட்டோருள் 8.7 வீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் வலுக்குறைவுடையோர். நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே இத்தகைய பிள்ளை எவரும் இலர் என எந்த ஆசிரியரும் உறுதியாகக் கூறவியலாது.

இரண்டாவது விடை இதனினும் ஆழமானது. அத்தகைய பிள்ளைகள் சிலரே எனக் கொண்டாலும் வாதம் நிலைபெறாது. அமர்த்தியா சென் 1979ஆம் ஆண்டு நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் இதனை விளக்கினார். உடற்குறையால், கிடைக்கும் பொருளிலிருந்து பிறர் பெறும் இன்பத்திற் பாதியையே பெறக்கூடிய ஒருவனை எண்ணுக. மொத்த இன்பத்தைப் பெருக்குதலே அறமெனின், அவனுக்குப் பிறரினும் குறைவாகவே பொருள் வழங்கப்படும். இயற்கை ஒருமுறை வஞ்சித்தவனைச் சமூகம் மறுமுறையும் வஞ்சிப்பதை நியாயப்படுத்தும் கோட்பாடு நீதிக்கோட்பாடாதல் எங்ஙனம்? சமமாகப் பங்கிடுதலும் இங்குப் போதாது. ஒரே புத்தகத்தைப் பார்வையுள்ளவனுக்கும் பார்வையற்றவனுக்கும் கொடுப்பதனால் இருவரும் சமமாகக் கற்றவராகார். ஒருவர் எதனைப் பெற்றார் என்பதைவிட, பெற்றதைக்கொண்டு என்ன செய்யவும் யாதாகவும் இயலும் என்பதே நோக்கற்பாலது என்றார் சென். இந்நோக்கிற் காணின், பயிற்றப்பட்ட ஆசிரியர் என்பவர் பாடசாலைக்குக் கிடைக்கும் மேலதிக வசதியல்லர். பாடநூலும் மேசையும் கட்டடமும் அப்பிள்ளைக்குப் பயன்தரும் பொருளாக மாறுவது அவராலேயே ஆகும்.

ஜோன் றோல்ஸ் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட நீதிக்கோட்பாட்டு நூலில், தம் நிலை யாதென அறியாத மாந்தர் கூடிச் சமூக விதிகளை வகுப்பதாக ஒரு கற்பனையை முன்வைத்தார். அக்கற்பனை இங்குத் துணைபுரியும். எந்த வீட்டில் எத்தகைய பிள்ளை பிறக்கும் என்பதை எவரும் முன்னறியார். ஆயினும் றோல்ஸ் கடுமையான உடற்குறை, உளக்குறை உடையோரின் நிலையைப் பின்னர் ஆராயவேண்டியதென ஒதுக்கி வைத்தார். ஒத்துழைத்துப் பயன்விளைக்க வல்லோரின் ஒப்பந்தமாக நீதியைக் காண்பதன் குறைபாடு இது என மார்த்தா நுஸ்பாம் 2006ஆம் ஆண்டு எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். பயன்தருவோர்க்கு மட்டுமே நீதி எனின், பிறந்த குழந்தைக்கும் நோயுற்ற முதியோர்க்கும் அதில் இடமில்லாது போகும்.

அறத்தின் வழி நின்று மேலும் ஒரு நியாயத்தைக் கூறலாம். இலங்கையிலே கட்டாயக் கல்வி விதிகள் 1998ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தன. 5 முதல் 14 வயது வரையென இருந்த எல்லை 2016ஆம் ஆண்டில் 16 வயது வரை உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புமாறு சட்டம் பெற்றோரைக் கட்டாயப்படுத்துகின்றது. கட்டாயப்படுத்துவோர்க்கு அதற்கேற்ற கடமையும் உண்டு. ஒரு பிள்ளையைப் பதினோராண்டு வகுப்பறையில் இருக்கப் பணித்துவிட்டு, அப்பிள்ளைக்குக் கற்பிக்கத் தெரிந்தவரை அங்கு வையாதுவிடின், அவ்விதி கல்வியை வழங்கவில்லை. காலத்தை மட்டுமே பறித்தது.

சட்டத்தின் நிலை என்ன? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை, வலுவிழந்தோரின் முன்னேற்றத்திற்கென விசேட ஏற்பாடுகள் செய்வதற்கு இடமளிக்கின்றது. செய்தே ஆகவேண்டும் எனக் கூறவில்லை. யாவர்க்கும் கல்வியிற் சம வாய்ப்பு என்பது அரச கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக 27ஆம் உறுப்புரையில் இடம்பெறுகின்றது. அந்நெறிகளை நீதிமன்றத்தில் வலியுறுத்தவியலாதென 29ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தமை காரணமாகக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்தலைத் தடுக்கின்றது. பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர்க்கான வசதிகள் அமைக்கப்படல் வேண்டுமென உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு கட்டளையிட்டது. இவையனைத்தும் வாயிலைப் பற்றியன. வாயிலுக்கு உள்ளே நிகழவேண்டியதை வெளிப்படையாகக் கூறுவது, இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்றுறுதி செய்த வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயமாகும். கல்வியின் எல்லா மட்டங்களிலும் பணிபுரிவோர்க்குப் பயிற்சியளித்தலை அதன் 24ஆம் உறுப்புரை அரசின் கடப்பாடாகக் கொள்கின்றது. கையெழுத்திட்ட வாக்குறுதி கொடையாகாது, கடனே ஆகும்.

இனி, பணமில்லை என்னும் தடையை நோக்குவோம். இதனை எளிதிற் புறக்கணித்தல் நேர்மையன்று. 2022ஆம் ஆண்டு இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாத நிலையை அடைந்தது. அதன் சுமையைப் பாடசாலைகளும் தாங்கின. ஆயினும் அந்நெருக்கடிக்குப் பத்தாண்டு முன்னரே, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2012ஆம் ஆண்டிற் போராடவேண்டியிருந்தது. எனவே பற்றாக்குறை முழுவதையும் நெருக்கடியின் தலையிற் சுமத்துதல் இயலாது. அன்றியும், செலவிடாதுவிடின் செலவு இல்லாதொழியும் என எண்ணுவது மயக்கம். அரசு ஏற்காத செலவைத் தாய் ஏற்கின்றாள். பிள்ளையோடு வகுப்பறையில் அமர்ந்தோ, பாடசாலை முடியும்வரை வாயிலிற் காத்திருந்தோ தன் தொழிலை இழப்பவள் அவளே. கூலிவேலைக்குச் செல்லும் வீட்டில் அவ்விழப்பு ஒருவேளை உணவாகவும் இருக்கும். வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படாத காரணத்தால் அது செலவன்று என ஆகிவிடாது. சுமை தோள் மாறியதேயன்றிக் குறைந்திலது. அதுவும் தாங்க வலிமை குறைந்த தோளுக்கே மாறிற்று.

அன்பு போதும், பயிற்சி எதற்கு என்பாரும் உளர். அன்பின்றி இப்பணி நடவாது என்பது உண்மையே. ஆயினும் வழியறியாத அன்பு தீங்கும் விளைக்கலாம். இங்கிலாந்துப் பாடசாலைகளில் உதவிப் பணியாளரின் பங்கு பற்றிப் பீற்றர் பிளச்ஃபோர்ட் முதலியோர் நிகழ்த்திய பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2009ஆம் ஆண்டு வெளியாயின. உதவியாளரின் துணையை மிகுதியாகப் பெற்ற மாணவர், தம்மையொத்த பிற மாணவரினும் குறைவாகவே முன்னேறினர் என அவ்வாய்வு கண்டது. உதவியாளரின் அக்கறையின்மை இதற்குக் காரணமன்று. போதிய ஆயத்தமின்றி அவர்கள் ஈடுபடுத்தப்பட்டமையும், அவர் துணை இருந்தமையால் அம்மாணவர் ஆசிரியரிடமிருந்து விலக நேர்ந்தமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. பிள்ளைக்காகத் தாமே விடை கூறிவிடும் நல்லுள்ளம், பிள்ளை சிந்திக்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகின்றது. எனவே ஆளை அமர்த்துவதற்குப் பணம் ஒதுக்கி, அவரைப் பயிற்றுவதற்கு ஒதுக்காதுவிடின் முன்னைய செலவும் பயனிழக்கும். வார்னொக் குழு முதன்மையளித்த மூன்று துறைகளுள் ஆசிரியப் பயிற்சியும் ஒன்றாக இருந்தமை தற்செயலன்று.

ஈகைக்கும் ஒப்புரவிற்கும் உள்ள வேறுபாட்டை இனி நோக்கலாம். திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ என இரண்டனையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வைத்தார், ஒன்றாக்கினாரல்லர். ஈகை, இல்லாதார் ஒருவர்க்கு உள்ளார் ஒருவர் மனமுவந்து கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்வோன் தன் பொருளை ஊருக்கு உரியதாக அறிந்து ஒழுகுவது. அதனாலன்றோ ஒப்புரவிற்கு ஊர்ப்பொது நீர்நிலையை அவர் உவமையாக்கினார். குளத்தில் நீரெடுப்பவர் எவருக்கும் நன்றிக்கடன் படுவதில்லை. குளத்தைத் தூர்வாருதல் ஊரவரின் முறை. விசேட தேவையுடைய பிள்ளையின் கல்வி ஈகையின் பொருளாயின், அப்பிள்ளையும் பெற்றோரும் ஆண்டுதோறும் நன்றி கூறி நிற்கவேண்டும். கொடுப்போரின் மனம் மாறின் கல்வியும் நின்றுவிடும். ஒப்புரவின் பொருளாயின் அப்பிள்ளை தலைநிமிர்ந்து கற்கலாம்.

யாழ்ப்பாணச் சமூகத்திற்குக் கொடையுள்ளம் குறைவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் தம் பாடசாலைகளுக்கு மண்டபங்களையும் வாயில்களையும் வகுப்பறைகளையும் அமைத்துக் கொடுக்கின்றனர். அவற்றிற் கொடுத்தோர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. ஆசிரியர் ஒருவர் பெற்ற பயிற்சியிலே பெயர் பொறிக்க இடமில்லை. திறப்பு விழா நடாத்தவும் இயலாது. கொடை அதனை நாடாது போவதற்கு இதுவே பெருங்காரணம் எனலாம். முன்னோர் வழக்கு வேறு. சைவப் பாடசாலைகள் எழுந்த காலத்தில், வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்துக் கல்விக்கு உதவும் பிடியரிசி முறை நிலவிற்று. அப்பிடியரிசி எந்தச் சுவரிலும் பெயராக நிற்கவில்லை. கற்றோரின் அறிவாக நின்றது.

ஆயினும் கொடையை மட்டும் நம்புதல் போன்றே, உறுதியற்ற அரச நிதியை நம்புதலும் ஆபத்தானது. ஐக்கிய அமெரிக்கா 1975ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்வழி, விசேட கல்வியின் மேலதிகச் செலவுக்கு மாணவர் ஒருவர்க்கான சராசரிச் செலவின் 40 வீதம் வரை மத்திய அரசு உதவும் என வாக்களித்தது. அவ்வளவு இன்றுவரை எட்டப்படவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு, ஆரம்ப வகுப்புகளில் பத்து விசேட மாணவர்க்கு ஒருவரும் மேல்வகுப்புகளிற் பதினைவர்க்கு ஒருவருமாகச் சிறப்பாசிரியர் இருத்தல் வேண்டுமென அளவு வகுத்தது. ஆயினும் 2024ஆம் ஆண்டு மத்திய அரசிற்கும் தமிழ்நாட்டு அரசிற்கும் இடையே கல்விக்கொள்கை பற்றி எழுந்த முரண்பாட்டால், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் நிதி விடுவிக்கப்படாது நின்றபோது, சிறப்பாசிரியர் உள்ளிட்டோரின் சம்பளமும் கேள்விக்குள்ளாயிற்று. கொள்கைப் பிணக்கில் எப்பக்கம் நியாயம் உண்டாயினும், அப்பிணக்கிற்கு ஈடுவைக்கப்படக் கூடாதவர் இப்பிள்ளைகள்.

பயிற்சி பெற்றோர் நாட்டைவிட்டு நீங்கிவிடின் செலவு வீணன்றோ என்பது இறுதித் தடை. 2022ஆம் ஆண்டிற்குப் பின் இவ்வச்சம் வலுத்துள்ளமை உண்மையே. எனினும் இத்தடை பயிற்சியளிக்கும் முறையைத் திருத்துமாறு கூறுகின்றதேயன்றிப் பயிற்சியையே கைவிடுமாறு கூறவில்லை. ஒரு பாடசாலையில் ஒருவரை மட்டும் பயிற்றின், அவர் செல்ல அறிவும் உடன்செல்லும். அதிபர் முதல் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஈறாக யாவரையும் அடிப்படை அளவிற் பயிற்றின், ஒருவர் நீங்கினும் அறிவு பாடசாலையில் நிலைத்திருக்கும். பொதுப்பணத்திற் பயின்றவர் சில ஆண்டுகளேனும் பொதுப்பணி புரிதல் அறமே. அதனை முன்கூட்டியே உடன்படிக்கையாக வகுத்தலும் முறையே. போர்க்காலத்தில், மருந்தும் மின்சாரமும் அரிதாகவிருந்த யாழ்ப்பாணத்திலே, பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலிய உளமருத்துவர்கள் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி அளித்தனர். வறுமை பயிற்சிக்கு இடையூறு. முற்றான தடையன்று என்பதற்கு இது சான்று.

ஆகவே கடமையைப் பகுத்துக் கூறின் பின்வருமாறு அமையும். நிலையான செலவை, அதாவது பயிற்சிக் காலச் சம்பளம், பதில் ஆசிரியர், பயிற்றுநர் என்பவற்றை அரசே ஏற்றல் வேண்டும். அது கல்வி ஒதுக்கீட்டிற் பெயர் குறித்த தனித் தலைப்பாக இருத்தல் வேண்டும். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்திற்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்யவியலாத ஆசிரியர்க்கு, பயிற்சி கோப்பாயிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்மொழியிற் கிடைத்தல் வேண்டும். தமிழெழுத்துக் கற்றலில் எழும் இடர்களை ஆராய்ந்து பயிற்சிநூல் ஆக்குதல் பல்கலைக்கழகத்தின் பணி. இலவசக் கல்வியின் முழுப்பயனையும் நுகர்ந்து பல்கலைக்கழகம் புகுந்தோர், அதன் முதற்படியிலேயே நின்றுவிட்டோர்க்குக் கடன்பட்டவர் என்பதை மறத்தலாகாது. ஊரவரும் புலம்பெயர்ந்தோரும் அரசின் கடமையைத் தாம் ஏற்காது, அரசு செய்யத் தவறுவதைச் சுட்டிக் கேட்கவும், பயிற்சிக்குச் செல்லும் ஆசிரியரின் போக்குவரத்து, கற்பித்தற் கருவிகள் போன்றவற்றிற்குத் துணைபுரியவும் கூடும்.

அரியாலையில் அடுத்த மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டும் முன்னர், அம்மண்டபத்தில் அமரவிருக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குக் கற்பிக்க அங்குள்ள ஆசிரியர்கள் பயிற்றப்பட்டுள்ளனர் என எவரேனும் ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வி ஈகையைத் தாழ்த்துவதாகாது. ஈகையை அதன் இடத்தில் வைத்து, ஒப்புரவை அதன் இடத்திற்கு மீட்பதாகும்.